மூன்று வீடு தாண்டுவதற்குள்

சமையலறையில் பைப் ஒழுகுகிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்று மாதத்துக்கு ஒருவராவது குழாய்க்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுவார். அவருக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. பழைய வேன் ஒன்றின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் அறிவிப்புச் சொல்வதுதான் அவர் தொழில். "இது சத்தம் வர்ற குழாய்ங்க. தண்ணி வர்ற குழாய்க்கு அடுத்த தெருவுல ஆள் இருக்கார்" என்று சிரிக்காமல் சொல்லி அனுப்பிவைப்பார்.

துணிக்கடைத் தள்ளுபடி, மின்தடை, கண் பரிசோதனை முகாம், காணாமல் போன குழந்தை, காலமானவரின் இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்பது எல்லாமே எங்கள் தெருக்களுக்கு அவர் வாய் வழியாகத்தான் வந்து சேரும். காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு விதி. வேன் ஆள் நடக்கிற வேகத்தில் போகும். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற பெண்ணின் காதில் அவர் குரல் தெளிவாக விழுவது மூன்று வீட்டுத் தூரத்துக்குத்தான். "மூணு வீடு தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிக்கலைன்னா அது அறிவிப்பு இல்ல, கட்டுரை" என்பார்.

சொல்வது அவர் என்றாலும் சொல் அவருடையதல்ல. அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடைகள் தைப்பவள். தெருவுக்கு அவள் தையலக்கா. யாராவது எழுதிக் கொடுத்த தாளை அவர் உரக்கப் படிப்பார். அவள் காலால் மெஷினை மிதித்தபடி கேட்பாள். "பராமரிப்புப் பணிகளின் நிமித்தம் மின் விநியோகம் தடைபடும்" என்று ஒருமுறை வந்தது. அவள் தலை நிமிராமல், "நாளைக்குப் பத்து மணிக்குக் கரண்ட் போயிடும், அதுக்குள்ள தண்ணி ஏத்திக்குங்க, துணிக்கு இஸ்திரி போட்டுக்குங்கன்னு சொல்லுங்களேன்" என்றாள். அவர் அப்படியே சொன்னார். மின் அலுவலகத்து ஆட்களே நன்றாக இருந்ததென்றார்கள். இப்படி முப்பது வருடம் ஓடியது. அதை ஒரு வேலை என்று அவளும் நினைத்ததில்லை, அவரும் நினைத்ததில்லை.

வீடு சின்னது. கீழே ஒரு கூடமும் சமையலறையும். மேலே ஒற்றை அறை. அதில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருடம். மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. மாப்பிள்ளை கடைத்தெரு ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறவன். மாவு பொங்கியிருப்பதை விரலால் ஒரு குத்து குத்திப் பார்த்தே சொல்லிவிடுவான். விடிவதற்கு முன்னால் போய் மத்தியானம் வந்து தூங்குவான். முன்கையில் முடியே இருக்காது. அடுப்பு வாய் பொசுக்கிவிடும்.

அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவன். வெள்ளம் வந்து ஊரையே அடித்துக்கொண்டு போனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்து இந்தக் கரைக்கு வந்தான். அப்பாவும் அம்மாவும் பிறகு இறந்துபோனார்கள். இருபத்து நான்கு வருடமாக இந்த ஊர்தான். வீட்டோட மாப்பிள்ளை என்று தெருவில் யாராவது வம்பிழுத்தால், "வீட்டோட இல்லைங்க, அடுப்போட மாப்பிள்ளை. வீட்டுக்கு வர்றது தூங்கத்தான்" என்பான். சாப்பாட்டு நேரத்தில் சமையலறைக்குள் நேராகப் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்து, "அத்தை, இன்னிக்கும் கத்திரிக்காயா" என்று கேட்கிற உரிமை அவனுக்கு இருந்தது.

தேர்தல் அறிவித்த மாதம் வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளூர்க்காரர்களுக்காக என்று தொடங்கித் தேர்தலில் நின்ற இயக்கம் ஒன்று இருந்தது. ஒரு மத்தியானம் அதன் செயலாளர் வந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, நான்கு பக்கத் தாளை நீட்டினார். குழாய்க்காரர் வழக்கம்போல உரக்கப் படித்தார்.

"கடந்த கால் நூற்றாண்டாக ஆற்றுக்கு அப்பாலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரின் பெருக்கத்தால் இவ்வூரின் பூர்வகுடிகளது வாழ்வாதார உரிமைகள் படிப்படியாக..."

அதோடு நிறுத்திக்கொண்டார். "எனக்கே மூச்சு வாங்குதுங்க. இது முடியறதுக்குள்ள வண்டி ஊர் எல்லைக்குப் போயிடும்."

செயலாளர் சிரித்தார். "தெரியுதுண்ணே. கூட்டத்துல படிச்சாலும் கொட்டாவி விடறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

தையலக்கா ஒரு பாவாடைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். "என்னதான் சொல்ல வர்றாங்களாம்?" என்று கணவரிடம் கேட்டாள்.

செயலாளரே பதில் சொன்னார். "வந்தவங்களை விரட்டணும்னு நாங்க சொல்லலக்கா. வீட்டு மனையோ, கடை உரிமமோ, வேலையோ, எதுவா இருந்தாலும் இங்கேயே பொறந்தவங்களுக்கு முதல்ல. அவ்வளவுதான்."

அவள் மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்படின்னா, விருந்தாளியா வந்தவங்க விருந்தாளியா இருக்கட்டும், வீட்டுச் சாவி வீட்டுக்காரங்ககிட்ட இருக்கட்டும். அதானே?"

செயலாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்கக்கா."

அவளுக்கு முகம் சூடாகியது. இத்தனை வருடத்தில் அவள் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, தையலில் உபரித் துணியைக் கத்தரிப்பது போல வார்த்தைகளைக் குறைத்தாள். "விருந்தாளியை மதிப்போம். சாவி நம்ம கையில."

"ரெண்டு வீடு தாண்டுறதுக்குள்ளயே முடிஞ்சிடும்" என்றார் குழாய்க்காரர், பெருமையாக.

அந்த நேரம் மாப்பிள்ளை மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாளே வேன் கிளம்பிவிட்டது. நான்கே நாளில் செயலாளர் குழாய்க்காரரை ஓர் அறைக்கு அழைத்துப்போய்க் குரலைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வண்டிகளில் அதே குரல், ஐந்து திசையில் போயிற்று. "உங்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தா சாப்பாடு போடுவீங்க, பாயும் போடுவீங்க. சாவியைக் கொடுப்பீங்களா? விருந்தாளியை மதிப்போம். சாவி நம்ம கையில." நடுவில் இருந்த கேள்வியும் தையலக்கா கொடுத்ததுதான். செயலாளர் இரண்டாம் முறை வந்தபோது கேட்டார், கொடுத்தாள். அன்றும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள்.

அதில் திட்டு எதுவும் இல்லை. விருந்தாளி நல்ல வார்த்தை. சாவி யார் வீட்டிலும் ஆணியில் தொங்குவது. எதிர்த்துப் பேச வந்த மற்றக் கட்சிக்காரர்கள் புள்ளிவிவரம் சொன்னார்கள், சட்டப் பிரிவு சொன்னார்கள். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்க, உங்க வீட்டுச் சாவியை நீங்க கொடுப்பீங்களா?" என்றார்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்கு நான்கு நிமிடம் தேவைப்பட்டது. நான்கு நிமிடம் யாரும் நிற்கவில்லை.

முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நடத்துநர், "விருந்தாளிங்க கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, வீட்டுக்காரங்க ஏறட்டும்" என்றார், பஸ்ஸே சிரித்தது. தெருக் குழாயில் குடத்தை முன்னால் நகர்த்திய ஒருத்தியைப் பார்த்து, "நீ வீடா, விருந்தா?" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்கிய பிறகும் குடம் பின்னால்தான் இருந்தது. சாவிப் படம் போட்ட ஒட்டுத்தாள்கள் வந்தன: 'இது வீட்டுக்காரர் கடை.' கடைத்தெருவில் ஒன்று ஒட்டினால் பக்கத்துக் கடையும் ஒட்டியாக வேண்டும். ஒட்டாத கடை எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

ரொட்டிக்கடை முதலாளி நல்ல மனிதர். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒட்டித்தான் ஆகணும்பா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. காலைல தட்டு எடுத்துட்டு முன்பக்கம் வர்றியே, தேர்தல் முடியற வரைக்கும் அதை வேற ஆள் பாக்கட்டும். நீ உள்ளயே இரு."

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. தையலக்கா கவனித்தது வேறு. அவன் சட்டியைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டான். சமையலறை வாசலில் நின்று, "அத்தை, தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டான்.

"இதென்ன புதுசா கேள்வி" என்றாள்.

"இல்ல, நீங்க வேலையா இருக்கீங்க" என்றான்.

அடுத்த வாரம் குளித்த பிறகு குளியலறையைக் கழுவிவிட்டு வந்தான். கூடத்தில் தொலைக்காட்சி பார்க்கும்போது சாய்வு நாற்காலியில் உட்காராமல் கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தான். எல்லாம் நல்ல பழக்கம்தான். குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அவளுக்கு ஏனோ ஊசி விரலில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது.

"அவருக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று மகளிடம் கேட்டாள்.

"கேட்டா ஒண்ணுமில்லங்கறார். அப்பா வண்டில போய்ப் பேசறதைக் கேட்டா உடம்பு எப்படி இருக்கும்?" என்றாள் மகள், மாத்திரை அட்டைகளை எண்ணிப் பிரித்துக்கொண்டே.

"அது அவரைப் பத்தியா? அப்பா தொழில் அது. யாரு எழுதிக் குடுத்தாலும் படிக்கறார்."

"எவன் எழுதிக் குடுத்தானோ, அவன் வாய்ல மண்ணு" என்றாள் மகள்.

தையலக்கா நூலைக் கோக்கத் திரும்பிக்கொண்டாள்.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், செயலாளர் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நான்கு பேரும் வீட்டில் இருந்தார்கள். மாப்பிள்ளை முக்காலியில். செயலாளர் எல்லாருக்கும் பொதுவாக வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை பெரிய கூட்டம். அக்காவை மேடையில ஏத்தணும்னு தலைமையில சொல்லிட்டாங்க. ஊரெல்லாம் பேசற வார்த்தையைக் குடுத்தது ஒரு சாதாரணத் தையல்காரம்மான்னு தெரிஞ்சா ஜனங்களுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க."

குழாய்க்காரர் தரையைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"நீயா?" என்றாள்.

செயலாளருக்கு ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. மாப்பிள்ளைதான் பேசினான். குரலில் கோபமே இல்லை.

"நல்ல வார்த்தை அத்தை. நானும் அடுப்பு முன்னால நின்னு நின்னு யோசிச்சுப் பாத்தேன். ஒரு பதிலும் தோணல."

எழுந்து, முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, மாடிக்குப் போனான். மகள் பின்னாலேயே போனாள்.

செயலாளர் போன பிறகு ஆரஞ்சுப் பை நாற்காலியின் மேலேயே இருந்தது. தையலக்கா மாடிப்படியில் பாதி ஏறி நின்றாள்.

"நான் உங்களை நெனச்சுச் சொல்லல தம்பி" என்றாள்.

உள்ளேயிருந்து மகள்தான் பதில் சொன்னாள். "யாரை நெனச்சுச் சொன்னம்மா?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். ஒரு முகமும் வரவில்லை. அந்த மத்தியானம் அவள் கண் முன்னால் எந்த மனிதரும் இல்லை. வார்த்தை மட்டும்தான் இருந்தது, கைக்கு அடக்கமாக. படியிலிருந்து இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலை குழாய்க்காரர் இயக்க அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் எழுந்து நின்று வரவேற்றார்.

"நிறுத்திடுங்க தம்பி. என் குரலை எடுத்துடுங்க. வீட்டுல நிம்மதி இல்ல."

"அண்ணே, அதுல ஒரு கெட்ட வார்த்தை காட்டுங்க. இப்பவே எடுத்துடறேன்."

அவர் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை.

"கெட்ட வார்த்தை இல்லதான். கேக்கறவங்களுக்குக் கெட்டதா கேக்குதே."

"அது கேக்கறவங்க மனசுண்ணே. உங்க மாப்பிள்ளையை யாராவது ஏதாவது சொன்னா என்கிட்ட சொல்லுங்க. நான் பாத்துக்கறேன். அவர் நம்ம ஆளு." பிறகு தணிந்த குரலில், "உங்க குரலை நிறுத்தினாலும் இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்ல. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்ககூட அதை வெச்சு விளையாடுதுங்க" என்றார்.

அது உண்மை. திரும்பி வருகிற வழியில் இரண்டு சிறுமிகள் நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கட்டத்துக்கு வெளியே கால் வைத்தவளைப் பார்த்து மற்றவள், "நீ விருந்தாளி, வெளிய போ" என்றாள். குழாய்க்காரர் வேனில் ஒலிபெருக்கியின் பேட்டரி இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டார். மற்ற ஐந்து வண்டிகளிலும் அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

தையலக்கா மேடைக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மூன்று நாள் துணியைத் தொடவில்லை. பழைய நோட்டு ஒன்றில் எழுதினாள், அடித்தாள். கணவரிடம் படித்துக் காட்டினாள். "வந்தவங்களும் உழைச்சாங்க, வரி கட்டினாங்க, அவங்க கட்டின வீட்டுலதான் நாம வாடகைக்கு இருக்கோம், அவங்க சுட்ட ரொட்டியைத்தான்..."

"நீளம்" என்றார் அவர்.

"தெரியுது."

"இன்னும் கொஞ்சம் நறுக்கிப் பாரேன்."

"நறுக்கினா பொய் ஆயிடுதுங்க" என்றாள்.

நான்காம் நாள் காலை ஒரு பையை எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். முதல் அடுப்பு இறக்கிய நேரம். தெருவெல்லாம் ரொட்டி மணம். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் தெரிந்த முகம்தான். யாரோ முந்தப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருத்தி வழக்கமான கேலியைச் சொன்னாள். சிரித்தார்கள். தையலக்கா வரிசையை விட்டு வெளியே வந்து அவர்கள் முன்னால் நின்றாள். பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்" என்றாள். "விருந்தாளி, சாவி எல்லாம் என் வாய்ல வந்ததுதான். தப்பாச் சொல்லிட்டேன். உள்ள ரொட்டி சுடறது என் மருமகன். ஆறு வயசுல வந்தவர். அவரை விருந்தாளின்னா நான் யாருன்னு எனக்குத் தெரியல. தயவுசெஞ்சு இனிமே யாரும் சொல்லாதீங்க."

வரிசை கொஞ்சம் நெளிந்தது. முன்னால் நின்ற தபால்காரர்தான் முதலில் பேசினார். "அட, உங்க மருமகனை யாருக்கா சொன்னா? அவர் நம்ம புள்ள மாதிரி. மத்தவங்களைத்தான் சொல்றாங்க."

"ஆமாக்கா" என்றாள் கேலி பேசியவள். "எங்க வீட்டுக்குப் பக்கத்துலகூட ஒரு குடும்பம் இருக்கு, தங்கமான ஜனங்க. அவங்களை நாங்க ஒண்ணும் சொல்லல. வேற ஆளுங்க இருக்காங்கல்ல."

"என்கிட்ட வேலை பாக்கற தச்சரும் அந்தப் பக்கம்தான்" என்றார் இன்னொருவர். "அவரை மாதிரி வராது. நம்ம சொல்றது அவரை இல்ல."

ஒவ்வொருவரிடமும் ஒருவர் இருந்தார். ஒவ்வொருவரும் அந்த ஒருவரை மட்டும் பத்திரமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள்.

"அப்ப அந்த மத்தவங்க யாருங்க?" என்று கேட்டாள் தையலக்கா.

தபால்காரர் வாயைத் திறந்தார். யோசித்தார். "இருக்காங்கக்கா" என்றார். "உங்களுக்குத் தெரியாதா?"

உங்களை நெனச்சுச் சொல்லல என்று மாடிப்படியில் நின்று அவள் மருமகனிடம் சொன்னதும் இதே பதில்தான். அவர்களைத் திட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. முதலாளி இரண்டு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். உள்ளே அடுப்பு வாயில் நீளத் துடுப்போடு நின்றிருந்த மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டி கருகிவிடும்.

தேர்தல் நடந்தது. இயக்கம் ஜெயித்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஜெயித்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் சாவிக்குத்தான் போட்டார்கள். நானும் போட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. குழாய்க்காரர் வாக்குச்சாவடிக்குப் போனாரா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மழை ஆரம்பித்த வாரத்தில் மாப்பிள்ளை கீழே வந்து, கூடத்தில் நின்றே சொன்னான். "மாமா, ஊருக்கு வெளிய பாலத்துப் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கோம். ரெண்டு அறை. அடுத்த வாரம் போலாம்னு இருக்கோம்."

குழாய்க்காரர் தொண்டையைச் செருமினார். தையலக்காதான், "சாமான் ஏத்த வேன் இருக்கு" என்றாள்.

வேனின் கூரையிலிருந்து இரண்டு குழாய்களையும் கழற்றிவிட்டு, கட்டிலையும் மெத்தையையும் மேலே கட்டி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மகள் முன்னால் அப்பாவோடு உட்கார்ந்தாள். பின்னால் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே மாப்பிள்ளையும் அத்தையும். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்மேல கோபமா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் பரணியில் இருந்த மாவு சிந்தாமல் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். "கோபம்னா அன்னிக்கே கத்தியிருப்பேன் அத்தை" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "பயமாத்தான் இருக்கு. எனக்கு ஆகாதவங்க யாராவது சொல்லியிருந்தா காதுல வாங்கியிருக்க மாட்டேன். நீங்க எனக்கு ஒரு நாளும் கொறை வெச்சதில்ல. அப்படிப்பட்ட உங்க வாய்லயே அது இவ்வளவு சுளுவா வந்துடுச்சு. இனிமே யாரு நல்லாப் பேசினாலும் அடுத்து என்ன வரும்னு பாத்துக்கிட்டே இருப்பேன்" என்றான்.

அவன் காலருகே நழுவிய தட்டு மூட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் அது ஒரு பழைய வீடு. மேல் தளத்தில் வீட்டுக்காரம்மா இருந்தாள், கீழே இவர்களுக்கு. வீட்டுக்காரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து, சாமான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகளிடம் எங்கே வேலை என்று கேட்டாள். குழாய்க்காரரைப் பார்த்து, "உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள். அவர் கட்டில் காலைத் தூக்குவதில் மும்முரமாகிவிட்டார். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு எந்த ஊரு தம்பி?"

எல்லாரும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். தையலக்காவின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. இந்த ஊர்தான், கடைத்தெருப் பக்கம், எங்க வீடுதான். சின்னது, கச்சிதமானது, பொய்யும் இல்லை. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை தோளில் இருந்த அரிசி மூட்டையை மெதுவாக இறக்கி, நனையாத இடமாகப் பார்த்து வைத்தான். நிமிர்ந்து நின்றான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கங்க. ஆறு வயசுல வந்தேன்."

வீட்டுக்காரம்மா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குடைக் கம்பியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் வரும்" என்றாள். "முதல்ல பிடிச்சு வெச்சுக்குங்க." சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

அவன் மறுபடி குனிந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.